வாழ்வும் தொழிலும்: பார்த்துவிட்டுப் போகிறவரை வாங்கவைப்பது எப்படி?



வதிவிட அனுமதி கிடைத்து, மொழி வகுப்பும் முடிந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் ஜேர்மனியில் வாழும் எம்மவர் பலருக்கு வருகின்ற எண்ணம், ‘சொந்தமாக ஏதாவது செய்தால் என்ன?’ என்பதுதான். ஒருவர் பலசரக்குக் கடை போடுகிறார். இன்னொருவர் மிளகாய்த்தூள், புட்டுமா, ஊறுகாய் என்று பொதிசெய்து விற்கிறார். மற்றொருவர் சாறிச் சட்டை தைக்கிறார். இந்தத் தொழில்களுக்குப் போடுகின்ற முதல் பெரும்பாலும் வங்கி தந்த பணம் அல்ல. சீட்டுக் காசும், நகையும், இரவு வேலை செய்து மிச்சம்பிடித்ததுமே அந்த முதல்.

இக்காலத்தில் கடை என்றால் அதற்கோர் இணையத்தளமும் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதுவும் செய்தாயிற்று. ஆட்களும் வந்து பார்க்கிறார்கள். ஆனால், வாங்குகிறார்கள் இல்லை. வந்தவர் ஏன் வெறுங்கையோடு திரும்புகிறார், அவரை எப்படி வாங்கவைப்பது என்பதையே இந்த இதழில் பார்க்கப்போகிறோம்.

முதலில் அனுமதிப் பத்திரம்

வேறு எதற்கும் முன்னர் உங்கள் வதிவிட அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் ‘எர்வெர்ப்ஸ்டேற்றிக்கைற்’ அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்று எழுதியிருந்தால் சொந்தத் தொழிலும் அதற்குள் அடங்கும். ‘பெஷெஃப்டிகுங்’ என்று மாத்திரம் இருந்தால் அது பிறரிடம் வேலை செய்வதற்கான அனுமதி. சொந்தக் கடை போடுவதற்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்டே ஆகவேண்டும். அதன் பின்னரே நகரசபையில் தொழிலைப் பதிவு செய்யலாம். உணவுப் பொருள் செய்பவர்கள் உணவுக் கண்காணிப்பு அலுவலகத்திலும் பதிய வேண்டும். பழுதடையக்கூடிய உணவைக் கையாளுபவர்கள் சுகாதார அலுவலகம் தருகின்ற அறிவுறுத்தல் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் எடுக்க வேண்டும். இவை இல்லாமல் எத்தனை அழகான இணையத்தளம் இருந்தும் பயனில்லை.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு

கடைக்கு ஆள் வரவில்லையா, வந்த ஆள் வாங்கவில்லையா என்பதை முதலில் பிரித்து அறியவேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு. உதாரணத்துக்கு, ஒரு மாதத்தில் 400 பேர் உங்கள் தளத்துக்கு வந்து 4 பேர் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். இது 100க்கு 1 வீதம். இன்னும் 400 பேரைக் கூட்டிவருவதற்கு விளம்பரக் காசு வேண்டும். ஆனால், வந்த 400 பேரில் 8 பேரை வாங்கவைத்தால் ஒரு சதம் விளம்பரச் செலவில்லாமல் விற்பனை இருமடங்காகிறது. ஆகவே முதலில் கடையின் உள்ளே இருக்கின்ற குறைகளைத் திருத்துவோம். ஓட்டைக் குடத்துக்கு எவ்வளவு தண்ணீர் அள்ளி ஊற்றினாலும் நிறையாது.

ஒரு கொப்பியை எடுத்து, கிழமைக்கு ஒரு தடவை மூன்று எண்களை எழுதுங்கள்: எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் கூடையில் பொருள் போட்டார்கள், எத்தனை பேர் காசு கட்டினார்கள். எங்கே ஆட்கள் குறைகிறார்களோ அங்கேதான் பிழை இருக்கிறது.

முதற் பார்வையில் மூன்று விடைகள்

இணையத்தளத்துக்கு வருபவர் புத்தகம் வாசிப்பது போல் வாசிப்பதில்லை. இணையத்தளப் பாவனையை ஆராய்ந்த யாக்கோப் நீல்சன் 1997ஆம் ஆண்டிலேயே இதை எழுதினார். அவருடைய சோதனையில் 79 வீதமானோர் புதிய பக்கத்தை மேலோட்டமாகவே பார்த்தார்கள். சொல்லுக்குச் சொல் வாசித்தவர்கள் 16 வீதம் மாத்திரமே. இன்று கைத்தொலைபேசியின் சிறிய திரையில், பேருந்துக்குக் காத்திருந்தபடி பார்ப்பவரிடம் அதைவிடப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

எனவே பக்கம் திறந்த உடனேயே மூன்று கேள்விகளுக்கு விடை தெரியவேண்டும். இங்கே என்ன விற்கிறார்கள்? எனது ஊருக்கு அனுப்புவார்களா? வாங்குவதற்கு நான் எதை அழுத்தவேண்டும்?

எம்மவர் தளங்கள் பலவற்றில் முதற்பக்கத்தில் இருப்பது என்ன? குத்துவிளக்குப் படம், ‘உங்களை அன்புடன் வரவேற்கிறோம்’ என்ற வாசகம், சில வேளைகளில் தானாகவே ஒலிக்கும் நாதஸ்வரம். வரவேற்பது எமது பண்பு. அதில் பிழையில்லை. ஆனால், வந்தவரை வாசலிலேயே நிற்கவைத்துப் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தால் அவர் எப்போது பந்தியில் அமர்வது? ‘யாழ்ப்பாண முறையில் வறுத்து இடித்த மிளகாய்த்தூள். ஜேர்மனி முழுவதும் தபாலில் அனுப்புகிறோம்’ என்று இரண்டு வரி போதும். அதன் கீழே நன்றாக விற்பனையாகும் ஆறு பொருள்களின் படமும் விலையும் இருக்கட்டும்.

கையால் தொடமுடியாத பொருள்

கடைக்கு நேரே வருபவர் மிளகாய்த்தூளை முகர்ந்து பார்ப்பார், அரிசியை உள்ளங்கையில் போட்டுப் பார்ப்பார், சேலையை விரித்துப் பார்ப்பார். இணையக் கடையில் கண்ணுக்கு மாத்திரமே வேலை. மூக்குக்கும் கைக்கும் உரிய வேலையை உங்கள் எழுத்துச் செய்யவேண்டும்.

‘தரமான மிளகாய்த்தூள்’ என்று எழுதினால் வாங்குபவருக்கு ஒன்றுமே தெரியாது. தரமற்றது என்று எந்தக் கடைக்காரரும் எழுதுவதில்லை. மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து வறுத்து அரைத்தது, உறைப்பு நடுத்தரம், நான்கு பேருக்கான இறைச்சிக் கறிக்கு எத்தனை மேசைக்கரண்டி போடவேண்டும், திறந்தபின் எத்தனை மாதம் வைத்திருக்கலாம் என்று எழுதுங்கள். அப்போதுதான் அவருக்கு நாவில் நீர் ஊறும்.

படத்தை நீங்களே எடுங்கள். யன்னல் அருகில், பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் துணியின் மேல் வைத்து எடுத்தால் கைத்தொலைபேசிப் படமே போதும். பொதியின் படம் ஒன்று, தூளைச் சிறிய கிண்ணத்தில் கொட்டி எடுத்தது ஒன்று, சமைத்த கறியின் படம் ஒன்று. பிறருடைய தளத்தில் இருந்து படத்தை எடுத்துப் போடாதீர்கள். அது பதிப்புரிமை மீறல். சட்டத்தரணியின் கடிதமும் கட்டணச் சிட்டையும் வீடு தேடி வரும்.

உணவுப் பொருளானால் மூலப்பொருள்களையும் ஒவ்வாமை தரக்கூடியவற்றையும் வாங்குவதற்கு முன்னரே ஜேர்மன் மொழியில் காட்டவேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 14 வகைகளைக் குறிப்பிட்டிருக்கிறது. இணைய விற்பனைக்கு இந்த விதி 2014 டிசம்பர் 13 முதல் நடைமுறையில் உள்ளது. எமது சமையலறைப் பொருள்கள் பல இந்தப் பட்டியலில் இருக்கின்றன. கடுகு, நல்லெண்ணெய்க்குரிய எள்ளு, கருவாட்டில் உள்ள மீன், றோல்ஸில் உள்ள கோதுமையும் முட்டையும் இவற்றுள் அடங்கும். இதைச் சுமையாக எண்ணவேண்டாம். ஒவ்வாமை உள்ள பிள்ளையின் தாய், விபரம் தெளிவாக எழுதிய கடையிலேயே நம்பி வாங்குவாள்.

விலையை எழுதும் விதம்

விலை என்றால் வரி உட்பட்ட முழு விலை. நிறுத்தோ அளந்தோ விற்கும் பொருளுக்கு அதன் அருகே அடிப்படை விலையும் வேண்டும். 500 கிராம் தூள் 7.50 யூரோ என்றால், ஒரு கிலோ 15 யூரோ என்றும் எழுதவேண்டும். முன்னர் சிறிய பொதிகளுக்கு 100 கிராம் கணக்கில் எழுதலாம் என்று இருந்தது. 2022 மே 28 முதல் கிலோ அல்லது லீற்றர் கணக்கிலேயே எழுதவேண்டும்.

தீபாவளி, பொங்கலுக்கு ‘பழைய விலையை வெட்டிப் புதிய விலை’ போடும் வழக்கமும் இருக்கிறது. அதே நாளில் இருந்து இதற்கும் விதி வந்துவிட்டது. விலைக்குறைப்பு என்று அறிவித்தால், அதற்கு முந்திய 30 நாட்களில் நீங்கள் கேட்ட மிகக் குறைந்த விலையையே பழைய விலையாகக் காட்டவேண்டும். முதல் நாள் விலையைக் கூட்டி மறுநாள் குறைப்பது சட்டத்துக்கும் பிழை, மனச்சாட்சிக்கும் பிழை.

கூடையை வைத்துவிட்டு ஓடுபவர்கள்

இணையக் கடைகளில் கூடையில் பொருளைப் போட்ட 100 பேரில் ஏறக்குறைய 70 பேர் வாங்காமலே போய்விடுகிறார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த பேமார்ட் நிறுவனம் பல ஆய்வுகளைத் திரட்டிக் கண்ட சராசரி இது. சும்மா பார்க்க வந்தவர்களை விட்டுப் பார்த்தால், முதன்மையான காரணம் கடைசிப் பக்கத்தில் திடீரென்று வந்து நிற்கும் தபாற் செலவும் மேலதிகக் கட்டணங்களுமே.

இதை நாம் எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். 12 யூரோவுக்குச் சாமான் எடுத்து, பெயர், விலாசம் எல்லாம் எழுதி முடித்தபின் பொதிச் செலவு இன்னும் ஆறு யூரோ என்று சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? காசை விட, முன்னரே சொல்லாமல் விட்டார்களே என்பதுதான் மனதைச் சுடும்.

ஆகவே பொதிச் செலவை முதற்பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். கனமான சாமான்கள் எமது கடைகளில் அதிகம். ஒரு அரிசி மூட்டை தூளைப் போல் அல்ல. அதனால் நிறைக்கேற்ற சிறிய அட்டவணை ஒன்று போடுவது நல்லது. ‘இவ்வளவுக்கு மேல் வாங்கினால் பொதிச் செலவு இல்லை’ என்று அறிவிக்க விரும்பினால் முதலில் இலாபத்தைக் கணக்குப் பாருங்கள். சராசரி வாடிக்கையாளர் 30 யூரோவுக்கு வாங்குகிறார் என்றால், எல்லையை 45 யூரோ அளவில் வையுங்கள். அவர் இன்னும் ஒரு பொதி அப்பளமும் ஒரு போத்தல் ஊறுகாயும் சேர்த்தெடுப்பார். அந்த மேலதிக இலாபம் பொதிச் செலவைத் தாங்குமா என்பதை அரிசிக்கும் தனியே பாருங்கள்.

காசு கட்டும் இடத்தில் தடங்கல் வேண்டாம்

வாங்க வந்தவரிடம் ‘முதலில் அங்கத்தவராகப் பதியுங்கள், கடவுச்சொல் ஒன்று அமையுங்கள்’ என்று கேட்பது, கடையில் பால் வாங்க வந்தவரிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்பது போன்றது. பதியாமலே வாங்க வழி விடுங்கள். அனுப்புவதற்குத் தேவையான விபரத்தை மாத்திரம் கேளுங்கள். அமேசன் நிறுவனம் ஒரே அழுத்தலில் வாங்கும் முறைக்கு 1999இல் அமெரிக்காவில் காப்புரிமை எடுத்து 2017 வரை வைத்திருந்தது. ஒரு அழுத்தலைக் குறைப்பது எவ்வளவு பெறுமதியானது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஜேர்மன் மக்கள் விலைச்சிட்டை கண்டு பின்னர் பணம் அனுப்புவதையும், பேபால் முறையையும் விரும்புகிறார்கள். புதிய சிறு கடைக்குச் சிட்டை முறை ஆபத்தானது. பொருள் போகும், காசு வராது. எனவே பேபால், வங்கிக்கு முன்பணமாக அனுப்புதல், அட்டை என்று இரண்டு மூன்று வழிகள் போதும். சாதாரண வங்கி மாற்றுக்கும் வழக்கமான அட்டைகளுக்கும் மேலதிகக் கட்டணம் கேட்பது 2018 ஜனவரியில் இருந்து தடைசெய்யப்பட்டுள்ளது. கீரோபே சேவை 2024 முடிவில் நிறுத்தப்பட்டுவிட்டது. அதன் சின்னம் இன்னும் உங்கள் பக்கத்தில் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

கடைசிப் பொத்தானிலும் கவனம் வேண்டும். 2012 ஓகஸ்ட் 1 முதல் அதில் ‘சாலுங்ஸ்ஃப்ளிஹ்டிக் பெஸ்டெலென்’, அதாவது பணம் செலுத்தும் கடப்பாட்டுடன் வாங்குகிறேன், என்று அல்லது அதேயளவு தெளிவாக எழுதியிருக்கவேண்டும். வெறும் ‘முன்செல்க’ என்று இருந்தால் சட்டப்படி வாங்குபவர் கட்டுப்படமாட்டார்.

இரு மொழிக் கடை

உங்கள் கடைக்கு மூன்று வகையினர் வருவார்கள். தமிழ் வாசிப்பவர்கள், இங்கே பிறந்து தமிழ் பேசினாலும் ஜேர்மன் மொழியில் வாசிப்பவர்கள், எமது உணவை ஒருமுறை சுவைத்து விரும்பிய ஜேர்மன் மக்கள். பின்னைய இருவரும் தமிழ் எழுத்தைக் கண்டால் திரும்பிவிடுவார்கள். தமிழும் ஜேர்மனும் இரண்டுமே வேண்டும்.

‘புட்டுமா’ என்று எழுதி அதன் பக்கத்தில் ‘வறுத்த அரிசி மா’ என்பதை ஜேர்மனில் எழுதுங்கள். கூகிளில் தேடுபவர் தனக்குத் தெரிந்த சொல்லையே தட்டுவார். அவர் ‘யாழ்ப்பாணம்’ என்று தேடமாட்டார், ‘இலங்கைக் கறித்தூள்’ என்றுதான் தனது மொழியில் தேடுவார். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே போடவேண்டாம். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளோ மகனோ ஒருமுறை வாசித்துத் திருத்தினால் கடைக்கும் நல்லது, பிள்ளைக்கும் தமிழ் வளரும். நேரே வந்து வாங்கக்கூடிய கடையானால் கூகிள் வரைபடத்தில் இலவசமாகப் பதிந்து, திறக்கும் நேரத்தைச் சரியாகப் போடுங்கள். பூட்டிய கதவைத் தட்டியவர் மறுபடி வருவது அரிது.

நம்பிக்கைக்குச் சட்டம் துணை

முன்பின் அறியாதவரிடம் காசைக் கொடுப்பதற்கு யாரும் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தைப் போக்குவது உங்கள் பெயரும் விலாசமும்தான். ‘இம்ப்றெசும்’ பக்கம் ஜேர்மனியில் கட்டாயம். முழுப்பெயர், வீதி இலக்கத்துடன் விலாசம், மின்னஞ்சல் வேண்டும். தபால்பெட்டி இலக்கம் போதாது. இதுபற்றிய விதி 2024 மே மாதம் முதல் புதிய இணையச் சேவைச் சட்டத்தில் இருக்கிறது. பழைய சட்டத்தின் பெயர் உங்கள் பக்கத்தில் இருந்தால் மாற்றுங்கள். பிணக்குத் தீர்க்கும் ஐரோப்பியத் தளமும் 2025 ஜூலை 20இல் மூடப்பட்டுவிட்டது. அதற்கான இணைப்பையும் நீக்குங்கள்.

இணையத்தில் வாங்கியவர் 14 நாட்களுக்குள் திருப்பி அனுப்பலாம். இதை நீங்கள் முறைப்படி அறிவிக்காவிட்டால் அந்தக் காலம் மேலும் 12 மாதம் நீளும். விரைவில் பழுதாகும் உணவுக்கும், அளவெடுத்துத் தைத்த சட்டைக்கும் இந்த உரிமை இல்லை. அதையும் தெளிவாக எழுதுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு நெறிமுறை, 2026 ஜூன் 19 முதல் திருப்புவதற்கெனத் தனிப் பொத்தான் வேண்டும் என்கிறது. பொதி அனுப்பும் ஒவ்வொரு கடையும் ‘லூசிட்’ எனும் பொதியிடல் பதிவேட்டிலும் பதிந்திருக்கவேண்டும்.

இவற்றில் குறை இருந்தால் ‘அப்மானுங்’ என்ற கடிதம் வரலாம். வந்தால் பயந்து உடனே கையொப்பம் போடவும் வேண்டாம், லாச்சிக்குள் போட்டு மறக்கவும் வேண்டாம். அதிலுள்ள தவணைத் திகதிக்குள் சட்டத்தரணியிடமோ ‘ஈ-ஹா-கா’ எனப்படும் தொழில் வர்த்தக சபையிடமோ காட்டுங்கள். கையொப்பமிட்ட உறுதிமொழி பல ஆண்டுகள் உங்களைக் கட்டும். மீறினால் தண்டப்பணம்.

வாடிக்கையாளரின் பாராட்டுகள் விற்பனைக்கு உதவும். ஆனால், அவை உண்மையாக இருக்கவேண்டும். மைத்துனரையும் சித்தியையும் கொண்டு எழுதுவிப்பது பொய்ச் சாட்சி. சட்டமும் அதைத் தடுக்கிறது. அதுபோல, வாங்கியவரின் மின்னஞ்சலுக்கு அவருடைய சம்மதம் பெறாமல் விளம்பரம் அனுப்பவேண்டாம்.

கையொப்பம் போடுமுன்

இந்த இதழில் நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். ‘உங்களைக் கூகிளில் முதலாவது இடத்துக்குக் கொண்டுவருகிறோம்’ என்று தொலைபேசியிலோ நேரிலோ சொல்பவர்களிடம் அவதானமாக இருங்கள். அந்த இடத்தை எவரும் உறுதியாகத் தரமுடியாது. மாதக் கட்டணம் சிறிதாகத் தோன்றும். ஒப்பந்தம் 36, 48 மாதம் என்று நீளும். மாதம் 120 யூரோ வீதம் 48 மாதம் என்றால் 5,760 யூரோ. ஒரு குடும்பத்தின் சீட்டுக் காசு முழுவதும் அதிலேயே போய்விடும். பாவனையாளருக்கு உள்ள 14 நாள் உரிமை, கடைக்காகக் கையொப்பம் போடும் வியாபாரிக்கு இல்லை. மொழி விளங்காவிட்டால் அன்றைக்கே கையொப்பம் போடாதீர்கள். ‘வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்’ என்பது வெட்கப்படவேண்டிய வார்த்தை அல்ல.

தளத்தின் பெயரும் உங்கள் பெயரிலேயே பதியப்பட்டிருக்க வேண்டும். காணிக்கு உறுதி எப்படியோ, கடைக்கு அந்தப் பெயர் அப்படி. செய்து தந்தவரின் பெயரில் இருந்தால், அவரோடு பிணக்கு வரும் நாளில் கடையே கைவிட்டுப் போகும்.

இந்தக் கிழமை செய்யவேண்டியது

நீல்சன் 2000ஆம் ஆண்டில் இன்னொன்றும் எழுதினார். ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிவரும் என்பதே அது. செலவில்லாத வழி. உங்கள் தளத்தை அறியாத ஐவரைக் கூப்பிடுங்கள். ஒரு அம்மா, ஒரு இளைஞர், ஒரு ஜேர்மன் அயலவர் என்று கலந்திருக்கட்டும். அவரவர் கைத்தொலைபேசியில் ‘ஒரு கிலோ மிளகாய்த்தூள் வாங்குங்கள்’ என்று சொல்லிவிட்டு வாயைத் திறக்காமல் பக்கத்தில் இருங்கள். எங்கே விரல் தயங்குகிறது, எங்கே புருவம் சுருங்குகிறது என்று எழுதுங்கள். இருவர் ஒரே இடத்தில் தடுமாறினால் அதை முதலில் திருத்துங்கள். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றி, இரண்டு மூன்று கிழமை கொப்பியில் எண்ணைப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது பயன் தந்தது என்று தெரியாது.

பொருள் போய்ச் சேர்ந்த பின்னரும் வேலை முடிவதில்லை. உடைந்த போத்தலுக்கு மறுபேச்சில்லாமல் வேறொன்று அனுப்புங்கள். பொதிக்குள் உங்கள் கையெழுத்தில் ஒரு வரி நன்றியும், சிறு துண்டில் ஒரு சமையற் குறிப்பும் வையுங்கள். பெரிய கடைகளிடம் விலையில் நாம் போட்டியிட முடியாது. முகம் தெரிந்த கடைக்காரர் என்ற உறவில் அவர்கள் எம்மோடு போட்டியிட முடியாது.

அடுத்த இதழில் சிறுதொழில் செய்பவர்களுக்கான வரிச் சலுகை பற்றியும், 2025 முதல் மாறிய 25,000 யூரோ எல்லை பற்றியும் பார்ப்போம். உங்கள் கடையில் நீங்கள் கண்ட பயனுள்ள வழிகளை எமக்கு எழுதுங்கள். ஒருவர் அறிந்தது மற்றவருக்கும் உதவட்டும்.